கோபத்துக்கு ஏது எடைக்கல்

கோபத்தை அளக்க ஆள் வருகிறது என்று வார்டர் சொன்னபோது தராசு நம்பவில்லை. எதையும் முதல் தடவையிலேயே நம்புகிற ஆள் இல்லை அவர். இரண்டாவது தடவையும் யோசிப்பார்.

“எதை வச்சு அளப்பாங்களாம்?”

“பேப்பர வச்சு.”

“பேப்பர் எவ்வளவு தாங்கும்?”

வார்டர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான்.

தராசு என்பது ஜெயிலுக்குள் அவருக்கு விழுந்த பெயர். வெளியே இருந்தவரை தராசு ரிப்பேர் பார்த்தவர். கடைத்தெருவில் எட்டடிக்குப் பத்தடியில் ஒரு கடை. எந்த வியாபாரி தட்டுக்கு அடியில் மெழுகை ஒட்டுவான், எவன் முள்ளை நோகாமல் வளைப்பான், எவன் எடைக்கல்லின் வயிற்றைக் குடைந்து வைத்திருப்பான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முப்பது வருஷம் அதையே பார்த்துப் பார்த்து, மனிதனும் அப்படித்தான் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படித்தவர்கள் என்ன கிழித்தார்கள் என்று கேட்பார்.

இப்போது ஜெயிலின் மளிகைக் கிடங்கில் வேலை. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் மாவு, பருப்பு, வெங்காயம் நிறுத்துக் கொடுக்க வேண்டும். அவர் வந்த பிறகு ஒரு கைப்பிடி அங்கே இங்கே போனதில்லை. பெண்கள் பக்கத்து மூட்டையை நிறுக்கும்போது மட்டும் முள் நின்ற பிறகும் ஒரு மூச்சு நேரம் கூடுதலாகப் பார்ப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி இருந்தாள்.

நடந்தது இதுதான். பக்கத்துப் பூட்டுக் கடைக்காரன் தன் பலகையை மாதத்துக்கு ஒரு விரற்கடை இவர் வாசல் பக்கமாக நகர்த்திக்கொண்டே வந்தான். ஒரு நாள் மத்தியானம் வாய்ச்சண்டை முற்றியது. இவர் கடைக்குள் திரும்பி, “அந்த அஞ்சு கிலோவ எடு!” என்று கத்தினார். சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி, ஐந்து கிலோ எடைக்கல்லை எடுத்துக் கையில் கொடுத்தாள். முப்பத்து நாலு வருஷமாக அவர் எதை எடு என்றாலும் எடுத்துக் கொடுத்தவள். இவர் வீசினார். பூட்டுக் கடைக்காரன் மூன்றாம் நாள் செத்துப்போனான்.

கோர்ட்டில் கேட்டார்கள், கல்லை எடுத்தது யார் என்று.

“அவதான் எடுத்துக் குடுத்தா” என்றார் இவர். நடந்ததைச் சொன்னார். அவருக்குப் பத்து வருஷம், அவளுக்கு நாலு.

மாதம் ஒரு முறை இருபது நிமிஷம் பார்க்க விடுவார்கள். நடுவில் கம்பி வலை. அவள் தலையணையைப் பற்றிச் சொல்வாள். பஞ்சு உருண்டு உருண்டு கல்லாகிவிட்டதாம், காது வலிக்கிறதாம். இவர் “சொல்லிப் பாரு” என்பார். பிறகு இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மூன்று வருஷம் அப்படி ஓடிவிட்டது. ஒழுங்காக இருந்ததற்காக அவளுக்கு எட்டு மாதம் தள்ளுபடி. அடுத்த மாதம் அவள் வீட்டுக்குப் போக வேண்டியவள். இவர் அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நாளைத் தள்ளினார்.

அளக்கிற அம்மா ஒரு திங்கட்கிழமை வந்தார். ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வலி போல, படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினார். ஒரு பை நிறையத் தாள். பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது என்பதால் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து அவரே வாசித்தார். இருபத்தைந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம். கிடையாது, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும். ஒன்றிலிருந்து நாலு வரை மார்க். மொத்தம் நூறு.

“முதல் கேள்வி. எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடும்.”

“சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியாம்மா?” என்றான் டிரைவர். லாரி ஓட்டியவன். தராசுக்கு அடுத்த படுக்கை.

“பொதுவா சொல்லுங்க.”

“பொதுவான்னா, சாப்பாட்டப் பாத்ததும்.”

கூடம் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இந்த நகைச்சுவையை இதற்கு முன் நாற்பது ஜெயிலில் கேட்டவர் மாதிரி அடுத்ததற்குப் போனார்.

“ஏழாவது. கோபத்தை உள்ளே வைத்துக்கொள்கிறேன்.”

தராசு யோசித்தார். உள்ளே வருகிறபோதே பெல்ட்டு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கோபத்தை மட்டும் விட்டுவைப்பார்களா? உள்ளே அதை வைத்திருந்தால் வார்டரின் தடி சும்மா இருக்குமா? கிடையாது என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

“எட்டாவது. கோபத்தை வெளியே காட்டிவிடுகிறேன்.”

“வெளிய விட்டாத்தானேம்மா காட்டறதுக்கு?” என்றான் டிரைவர்.

மறுபடி சிரிப்பு. தராசுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெளியே போய் மூன்று வருஷம் ஆகிறது. கிடையாது. இப்படியே உள்ளே ஏழெட்டு, வெளியே ஏழெட்டு வந்தன. அவை எல்லாவற்றுக்கும் அதே கட்டத்தில் கோடு போட்டார். மற்றதையும் முடித்துவிட்டு, பருப்பு மூட்டை வந்திருக்கும் என்று எழுந்து போனார்.

பத்து நாள் கழித்துக் கிடங்கு வாசலில் வார்டர் வந்து நின்றான்.

“யோவ் தராசு, உனக்கு முப்பத்தெட்டு. சாமியார் மாதிரியாமே நீ.”

“மூட்டைய விட்டுத் தள்ளி நில்லு, முள்ளு ஆடுது.”

“உன் வீட்டம்மாவுக்கு எழுபத்தொண்ணு.”

தராசு கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். “எந்தக் கழுதை சொன்னது?”

“பேப்பர் சொல்லுது. அறுபதுக்கு மேல போனா முன்விடுதலை கிடையாது. கிளாஸ் எடுப்பாங்க, பன்னெண்டு வாரம். அப்புறம் திரும்ப அளந்து கொறஞ்சாத்தான் விடுவாங்க. மேல இருந்து புது உத்தரவு.”

“அவ சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லய்யா. முப்பத்தேழு வருஷத்துல ஒரு தடவ கிடையாது. பாத்திரத்தக்கூட சத்தம் வராம வைப்பா.”

“அத என்கிட்ட சொல்லி?”

“அந்தம்மாவப் பாக்கணும்.”

“மனு எழுதிக் குடு.”

மனுவை டிரைவர் எழுதினான். தராசு சொல்லச் சொல்ல எழுதினான். ‘தங்கள் தராசு தப்பு’ என்ற ஒரே வரிதான். மேலே கீழே ஐயா அம்மா போடலாமே என்றான் டிரைவர். போட்டால் நீளும் என்றார் தராசு.

அந்த வரிக்காகவே அந்த அம்மா அவரைக் கூப்பிட்டனுப்பினார். வாசல் பக்கத்து அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மூலையில் உடைந்த மின்விசிறி. அம்மா முழங்காலில் ஒரு துணியைச் சுற்றிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“என்ன தப்புங்க ஐயா?”

“என் வீட்டுக்காரிக்கு எழுபத்தொண்ணு காட்டுது. தப்பு.”

“இந்தக் கேள்விகள ஆயிரக்கணக்கான பேர்கிட்ட கேட்டுப் பாத்திருக்காங்க. நான் உருவாக்கினது இல்ல. மொழிபெயர்த்து வந்தது.”

“ஆயிரம் பேர நிறுத்தா தராசு சரியாயிடுமா? தப்பான தராசுல ஆயிரம் பேரயும் தப்பாத்தான் நிறுப்பீங்க. எடைக்கல்லு வச்சுப் பாத்தீங்களா?”

“கோபத்துக்கு ஏதுய்யா எடைக்கல்லு?”

“அதான் வந்திருக்கேனே, என்னைய வைங்க.”

அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

தராசு மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினார். “ஒரு தராசு சரியா இல்லையான்னு எப்படிப் பாப்போம்? எடை தெரிஞ்ச கல்ல வைப்போம். அஞ்சு கிலோ கல்லுக்கு மூணு காட்டினா, கல்லு மேல தப்பில்ல, தராசுல தப்பு. என் கோவம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், கோர்ட்டுக்குத் தெரியும். பலகைய நாலு விரல் நகத்துனான்னு ஒருத்தனக் கொன்னவன் நான். இன்னிக்கு அவன் எந்திரிச்சு வந்து மறுபடி நகத்தினாலும் இந்தக் கை சும்மா இருக்காது. எனக்குப் போய் முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கீங்க. என்னைய முப்பத்தெட்டுன்னு சொல்ற தராசு, அவள எழுபத்தொண்ணுன்னு சொன்னா நான் நம்பணுமா?”

அம்மா பையைத் துழாவி அவருடைய தாளை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கோபத்தை உள்ளே வைத்துக்கொள்கிறேன். இதுக்குக் கிடையாதுன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா. உள்ள எவன் கோவப்பட முடியும்? தோல உரிச்சுடுவான்.”

“உள்ளன்னா?”

“உள்ளன்னா உள்ளதான். இங்க.” தரையைக் காட்டினார்.

அம்மா அடுத்த கேள்வியில் விரலை வைத்தார். “வெளியே காட்டிவிடுகிறேன். இது?”

“வெளிய எங்கம்மா போனேன், மூணு வருஷமா?”

அந்த அம்மாவின் விரல் தாளின் கீழ்வரை மெதுவாக ஊர்ந்து போனது. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. பிறகு டிரைவரின் தாளை எடுத்தார். பிறகு இன்னும் பத்துத் தாள். எல்லாவற்றிலும் அதே கட்டத்தில் அதே கோடு.

“மனசுக்கு உள்ள. அதத்தான் கேட்டது” என்றார் களைத்துப்போய். “மனசுக்கு உள்ள, முகத்துக்கு வெளிய.”

“அப்ப அப்படிக் கேக்க வேண்டியதுதான? ஜெயில்ல வந்து உள்ளேன்னா எவனுக்கு மனசு ஞாபகம் வரும்?”

“இருநூறு பேரு” என்று அந்த அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முழங்காலைத் தடவினார். “திரும்ப எல்லாரையும் உக்கார வைக்கணும். ஐயா, ஒண்ணு சொல்றேன். கேள்விய மாத்திக் கேட்டா உங்க மார்க் ஏறும். அறுபதத் தாண்டினா உங்களுக்கும் கிளாஸ். தாண்டினவங்கள இரும்பு கிட்ட விடமாட்டாங்க. கிடங்கு வேல போயிடும்.”

தராசுக்கு அது தைத்தது. கிடங்கில்லாமல் என்ன செய்வது? ஆறே முக்கால் வருஷம் பாக்கி இருக்கிறது. “போகட்டும். தராசு தப்புன்னா எனக்கும் தப்புதான். அவளுக்கு மட்டும் திருத்துங்கன்னு கேக்க நான் வியாபாரி இல்ல.”

அந்த வாரமே திரும்ப அளந்தார்கள். இந்தத் தடவை ‘உள்ளே’ இல்லை, ‘மனதுக்குள்’. ‘வெளியே’ இல்லை, ‘முகத்துக்கு நேராக’. கூடத்தில் சிரிப்புச் சத்தம் குறைவாக இருந்தது. மனதுக்குள் என்றதும் டிரைவர்கூட வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் பென்சிலைக் கடித்தான்.

முடிவு வந்ததும் ஆபீஸில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஆண்கள் பக்கம் மட்டும் நூற்று நாற்பது பேர் கோட்டுக்கு மேலே. வகுப்புக்கு இருப்பதோ ஒரு அறை, ஒரே ஒரு ஆசிரியர், முப்பது நாற்காலி. இரண்டு நாள் யோசித்துவிட்டு மேலதிகாரி கோட்டை அறுபதிலிருந்து எழுபதுக்கு ஏற்றிவிட்டார். அப்போதும் ஆள் மிஞ்சியதால் மிச்சப் பேருக்கு அடுத்த வருஷம் கோபம் என்று தள்ளிவைத்தார்.

“பாத்தியா, முள்ள வளைச்சுட்டானுங்க” என்றார் தராசு.

“உங்களால எனக்கு எண்பத்து மூணு அண்ணே” என்றான் டிரைவர். “சும்மா கெடந்தவனக் கோவக்காரனாக்கிட்டீங்க. இப்ப நெசமாவே கோவம் வருது.”

தராசுக்கு எழுபத்தாறு. கிடங்குச் சாவியை வார்டரிடம் கொடுத்தார். விளக்குமாறு கொடுத்தார்கள், முற்றம் கூட்டச் சொல்லி. அதெல்லாம் அவர் எதிர்பார்த்ததுதான். மனைவியின் எண்ணைக் கேட்கத்தான் வாசல் பக்கத்து அறைக்கு மறுபடி போய் நின்றார்.

அந்த அம்மா தாள்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த ஜெயிலுக்குக் கிளம்புகிறார் போல.

“உக்காருங்க ஐயா.”

“நிக்கறேன். எவ்வளவு?”

“எழுபத்தொண்ணு.”

“அது பழசு. புதுசு?”

“புதுசுதான் சொல்றேன். இருபத்தஞ்சு பதிலும் அப்படியே இருக்கு, ஒண்ணுகூட மாறல. பெண்கள் பக்கத்துல எல்லாரும் மாறியிருக்காங்க, இவங்க மட்டும் மாறல. எனக்கே சந்தேகம் வந்துச்சு. கூப்பிட்டுக் கேட்டேன், போன தடவ உள்ளேன்னா என்னன்னு நெனச்சீங்கம்மான்னு.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. இங்க கைய வச்சாங்க.” அந்த அம்மா தன் மார்பில் கையை வைத்துக் காட்டினார். “முதல் தடவையே அவங்களுக்குச் சரியாத்தான் புரிஞ்சிருக்கு.”

தராசு நாற்காலியைப் பிடித்தார். ஆனால் உட்காரவில்லை. “யார் மேலயாம்?”

“அதுக்கு இந்தத் தாள்ல இடம் இல்லங்க. எவ்வளவுன்னு கேக்கும். யார் மேலன்னு கேக்காது.”

அவர் முற்றத்துக்குத் திரும்பி வந்து கூட்டினார். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினார். பெண்கள் பக்கத்தில் யார் அவளைப் படுத்துகிறார்கள் என்று யோசித்தார். அங்கே இருக்கிற பெண் வார்டரா? பக்கத்துப் படுக்கைக்காரியா? செத்துப்போன பூட்டுக் கடைக்காரனா? ஒவ்வொருவரையும் தட்டில் ஏற்றிப் பார்த்தார். எழுபத்தொன்றுக்கு எவரும் காணவில்லை. ஒரே ஒரு ஆள் பாக்கி இருந்தார். அந்த ஆளை ஏற்ற அவருக்குக் கை வரவில்லை.

வகுப்பு வியாழக்கிழமை ஆரம்பித்தது. அறை ஒன்றே என்பதால் இரண்டு பக்கத்தாரையும் ஒன்றாகவே உட்காரவைத்தார்கள். இந்த வரிசை ஆண்கள், எதிர் வரிசை பெண்கள், நடுவில் வார்டர் கொட்டாவி விட்டுக்கொண்டு. அவள் மூன்றாவது நாற்காலியில் இருந்தாள். கம்பி வலை இல்லாமல் அவளைப் பார்த்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. காது மடலில் ஒரு காய்ப்பு இருந்தது. தலையணை வேலை. வலை வழியாக அது தெரிந்ததில்லை.

ஆசிரியர் ஒல்லியான மனிதர். சளி பிடித்திருந்தது. ஆளுக்கு ஒரு பேனாவும் தாளும் கொடுத்து, எதிரில் இருப்பவரோடு ஐந்து நிமிஷம் பேசி, அவருடைய கோபத்தை எழுதச் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தப் போனார். தராசுக்கு எதிரில் வேறு யாரோ ஒரு பெண். அவள் எழுந்து, “நீங்க இங்க வாங்கக்கா” என்று இடத்தை மாற்றிக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும் போல.

இரண்டு பேரும் சுவரில் கடிகாரத்தைத் தேடினார்கள். அந்த அறையில் கடிகாரம் இல்லை.

“கிடங்க விட்டுட்டீங்களாமே” என்றாள்.

“ஆமா.”

“போன வாரம் பருப்பு கொறஞ்சு வந்துச்சு. அப்பவே நெனச்சேன்.”

அவர் தாளைப் பார்த்தார். வெறும் தாள். “எழுபத்தொண்ணாமே” என்றார்.

“ம்.”

“கிடையாது கிடையாதுன்னு கோடு போட்டிருந்தா இந்நேரம் வீட்டுல இருப்ப.”

“இருப்பேன்.”

“ஏன் போடல?”

அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். “கேட்டாங்க. உள்ளதச் சொன்னேன். கோர்ட்டுல உங்களக் கேட்டாங்க, நீங்களும் உள்ளதத்தான சொன்னீங்க.”

குரல் ஏறவில்லை. பாத்திரத்தை வைக்கிற மாதிரி சத்தமில்லாமல் வைத்தாள். தராசு வாயைத் திறந்தார். நடந்ததைத்தானே சொன்னேன் என்று சொல்ல வந்தார். அந்த வார்த்தை அவருக்கே இப்போது வயிறு குடைந்த எடைக்கல் மாதிரி கனமில்லாமல் இருந்தது.

“எழுபத்தொண்ணும் எனக்கா?” என்றார் கடைசியில்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். நிறுத்துத்தான் சொன்னாள்.

“தலகாணிக்கு ஒரு அஞ்சு போகும்.”

பக்கத்தில் டிரைவர் யாரிடமோ, தனக்கு முதல் கோபம் எந்த ஊர் டோல்கேட்டில் வந்தது என்று கதை அளந்துகொண்டிருந்தான். தராசு அறுபத்தாறு என்று தாளில் எழுதினார். அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பேனா நழுவி விழுந்து, உருண்டு, அவளுடைய நாற்காலிக்கு அடியில் போய் நின்றது.

“அந்தப் பேனாவ—” என்று வாய் தானாக ஆரம்பித்தது.

அவள் அவரைப் பார்த்தாள். குனியவில்லை.

அவர் வாயை மூடிக்கொண்டார். நாற்காலியின் கையைப் பிடித்து இறங்கி, ஒரு முழங்கால், பிறகு மறு முழங்கால் என்று தரையில் ஊன்றினார். இடுப்பு பிடித்தது. வார்டர், “யோவ் பெரிசு, என்ன பண்ற?” என்றான். தராசு நாற்காலிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். இடம் இடுக்கு. பேனா சுவரோரமாக எட்டாமல் கிடந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் தன் காலை ஒதுக்கிக்கொண்டாள்.